இரண்டாவது வரியில் ஜோஸ்பின்

அத்தியாயம் 14

மாடிப்படி பல்பைத் தானே தளர்த்தி வைத்துவிட்டு, "ஃபியூஸ் போயிடுச்சு போல" என்று தானே ஸ்டூல் போட்டு ஏறிய மனிதரை, போன வாரம் அவர் பெற்ற மகளே கையும் களவுமாகப் பிடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தாலும் பாதகமில்லை. சவரிராஜுக்கு வயது நாற்பத்தேழு. செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மை வார்க்கும் சின்ன யூனிட்டுக்கு முதலாளி. மனைவி ரெஜினா இறந்து ஆறு வருஷம். அவருடைய வீட்டு மாடியில் ரெண்டு வருஷமாகக் குடியிருப்பவள் ஜோஸ்பின். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை அவர் முகமே சொல்லிவிடும்.

அந்த வீட்டின் மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில் இருக்கிறது. ஜோஸ்பின் எழுந்து குழாயைத் திறக்கும்போது தண்ணீர் வர வேண்டும் என்பதற்காக, காலை ஐந்து பத்துக்கு அலாரம் வைத்து எழுந்து மோட்டார் போடுகிறார் சவரிராஜ். மழை நாளானாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி. ஹாலில் டிவிக்கு நேர் எதிரே இருந்த அவருடைய நாற்காலி மாதத்துக்கு ஓர் அடியாக நகர்ந்து நகர்ந்து, இப்போது மாடிச் சமையலறைக்கு நேர் கீழே வந்து நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் டிவி பாதிதான் தெரியும். மேலே யாரோ நடக்கிற சத்தம் முழுசாகக் கேட்கும்.

சனிக்கிழமை ஆனால் பாண்டிச்சேரிக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறவர், போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. கேட்டால் யூனிட்டில் வேலை என்பார். சூளை ஆறுவதற்கு முன்னால் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற பொம்மை அத்தனையும் விரிசல் விடும் என்று வேலைக்கு வருகிற பெண்களுக்குப் பாடம் நடத்துகிற பொறுமைசாலி, மாடியில் ஒருநாள் காலடிச் சத்தம் கேட்கவில்லை என்றால் பத்து தடவை வாசலுக்கு வந்துவிட்டுப் போவார். இதற்கெல்லாம் பெயர் என்ன என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும் என்ற பயம்தான்.

ஆனால் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

குடிவந்த முதல் நாளே ஜோஸ்பின் அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஏற்கெனவே ரெண்டு வூடு மாத்திட்டேங்க சார். புருசன் இல்லாத பொம்பள தனியா இருக்கான்னு ரெண்டு எடத்துலயும் பேச்சு வந்துது. இங்கயும் என்னையும் உங்களையும் வச்சு ஒரு வார்த்த வந்துதுன்னா, அன்னிக்கே காலி பண்ணிடுவேன். கோச்சுக்கக் கூடாது."

அன்றிலிருந்து சவரிராஜுக்கு உலகத்தில் பயமான வார்த்தை ஒன்றே ஒன்றுதான். 'காலி.'

அந்த வார்த்தை வருவதற்கான வேலையை அவரே தன் கையால் செய்து வைத்திருந்தார் என்பது இந்த ஞாயிற்றுக்கிழமை வரை அவருக்கே தெரியாது.

---

காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை சாவியோ ஓர் அறிவிப்புச் செய்தார். நம் பங்கில் எத்தனை குடும்பம், யார் யார், எந்தத் தெரு என்ற விவரம் எல்லாம் திரட்டிய குடும்பக் கையேடு அச்சாகி வந்துவிட்டது, வீட்டுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். வாசல் பந்தலில் மேஜை போட்டுக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். நீல அட்டை, மேலே மாதா படம்.

சவரிராஜ் தன் புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, முதுகில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. திரும்பினால் சகாயம். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அந்தத் தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற அன்பியத்துக்கு அவர்தான் தலைவர். விஷயம் ஒன்று கிடைத்துவிட்டால் அது நெய்வேலி வரைக்கும் போய்ச் சேராமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"என்னா சவரி, காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிட்டியே! ஒரு பிரியாணி கூடவா போடக் கூடாது?"

"என்னாத்த முடிச்சேன்?"

"ஒண்ணும் தெரியாத புள்ள! அறுபத்தி நாலாம் பக்கத்தப் பாரு."

சவரிராஜ் பார்த்தார். அறுபத்து நாலாம் பக்கத்தில், கட்டம் போட்டு, தெளிவான எழுத்தில் இருந்தது. குடும்பத் தலைவர்: சவரிராஜ். வாழ்க்கைத் துணை: ஜோஸ்பின். பிள்ளைகள்: லிசா.

மறுபடி படித்தார். அப்படியேதான் இருந்தது.

பந்தலில் நின்றிருந்த நாலைந்து பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சவரிராஜின் கண் தானாக வாசல் கேட் பக்கம் போனது. கேட்டருகே குடையை விரித்துக்கொண்டிருந்தாள் ஜோஸ்பின். தோளில் தொங்கிய பையில் நீல அட்டை எட்டிப் பார்த்தது. அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு, விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று சவரிராஜின் மனசு சொன்னது.

---

வீட்டுக்குள் நுழைந்தால் லிசா சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாண்டிச்சேரியில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள். முதல் பூசைக்கே போய் வந்துவிட்டதால் அவள் கையில் ஏற்கெனவே ஒரு புத்தகம்.

"அப்பா, எனக்கு அம்மா வந்துட்டாங்களாமே? வாட்ஸப்புல மூணு பேரு கேட்டுட்டாங்க. எனக்குத்தான் கடைசியில தெரியுது."

"நீ வேற ஏம்மா வவுத்தெரிச்சலக் கௌப்புற? ஆபீசுல எவனோ தூங்கிக்கிட்டே வேலை பாத்திருக்கான். கீழ்வூடு, மாடி ரெண்டையும் ஒண்ணா சேத்து அடிச்சிட்டான்."

"அவ்வளவு கரெக்டாவா தூங்குவாங்க?"

சவரிராஜ் போய் ஃபேனுக்குக் கீழே நின்றார். கத்திரி வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்த லிசா கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பெண்ணுக்கு அம்மா பெயர் ரெஜினா. ஊரே படிக்கிற புத்தகத்தில் இவள் பெயருக்கு மேலே, அம்மா இடத்தில், வேறு ஒருத்தி பெயர் இருக்கிறது. அதைப் பார்த்தபோது இவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. தன் பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"லிசா... அம்மா பேரு..."

"அம்மா பேரு இருக்குதுப்பா. கடைசியில, காலமானவங்களுக்குன்னு தனிப் பக்கம் போட்டிருக்காங்க. மொதல்ல அதத்தான் பாத்தேன். தேதியெல்லாம் கரெக்டா இருக்குது." சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குக் கோவம் இல்ல. அதுக்காகப் பயப்படாதீங்க. நீங்க வேற எதுக்கோ பயப்படுறீங்க, அதுவும் எனக்குத் தெரியும்."

அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. மகளின் தலையில் கையை வைத்தார். அந்த நேரம் பார்த்து மேலே கரகரவென்று ஒரு சத்தம். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம். ரெண்டு வருஷமாக அந்தத் தரையின் ஒவ்வொரு ஓசையையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவருக்கு, இந்த ஓசை மட்டும் புதிது.

இன்னொரு தடவை கரகரவென்று கேட்டது. ரெண்டாவது பெட்டி.

"அவுங்க பெட்டி கட்டுறாங்க," என்றார் சவரிராஜ்.

"மேல போயிப் பேசுங்கப்பா."

"என்னான்னு பேசுறது? வெறுங்கையோட போயி நின்னா நம்புவாங்களா? பங்குச் சாமிகிட்ட எழுதி வாங்கிட்டு வரேன், இது ஆபீசு தப்புன்னு. அதக் காட்டுனா இருப்பாங்க. நீ அவுங்கள வண்டி கிண்டி கூப்புட விடாம பாத்துக்க."

அவர் பைக்கை எடுத்த வேகத்தில் கேட்டை மூட மறந்து போனார்.

---

சாவியோ சாமியாருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ரெண்டு பூசை வைத்த களைப்பில் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சவரிராஜ் உள்ளே நுழைந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே காலை மடக்கிக்கொண்டார்.

"தோத்திரம் சாமி. நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு குடும்பத்துப் பேர அச்சுல போடுறதுன்னா எவ்வளவு கவனமா இருக்கணும்? ஒரு பொம்பளப் புள்ளையோட மானம் சாமி இது! யாரு இந்த வேலையப் பாத்தது? கூப்புடுங்க, நான் கேக்குறேன்."

சாமியார் விவரம் கேட்டார். அறுபத்து நாலாம் பக்கத்தைப் பார்த்தார். எழுந்து, பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டி, ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார்.

"இது உங்க கையெழுத்தாண்ணே?"

சவரிராஜ் குனிந்து பார்த்தார். தவக்காலத்தில் வீடு வீடாகக் கொடுத்து வாங்கிய குடும்பப் படிவம். ஊதா மை. பொம்மைப் பெட்டிகளின் மேல் விலாசம் எழுதி எழுதிப் பழகிய, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த அவருடைய எழுத்து. முதல் வரியில் சவரிராஜ். ரெண்டாவது வரியில் ஜோஸ்பின், அவள் பிறந்த தேதியோடு. மூன்றாவது வரியில் லிசா. ரெண்டாவது வரிக்கு இடப்பக்கம், 'வாழ்க்கைத் துணை' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

அந்தச் சாயங்காலம் அவருக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்து, தனியாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். லிசா பாண்டிச்சேரியில் இருந்தாள். மேலே குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தினார். நான், ஜோஸ்பின், லிசா. அப்படியே எழுதினார். பிறந்த தேதி வாடகை ஒப்பந்தத்தோடு வைத்திருந்த ஆதார் நகலில் இருந்தது. ஆனால் அவர் அதை எடுத்துப் பார்த்து எழுதவில்லை. அப்போது அவர் கண்ணாடி மாட்டியிருந்தார், பொடி எழுத்து தெரியவில்லை என்று சொல்ல வழியில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் 'மனைவி காலமானார்' என்று எழுதியிருப்பார்கள், அல்லது கோடு போட்டிருப்பார்கள். இவருக்குக் கட்டம் காலியாக இருப்பதாகவே தோன்றவில்லை. அதுதான் விஷயம்.

சவரிராஜ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாமி... என் தப்புதான். நான் வேணும்னு எழுதல சாமி. மாதா மேல சத்தியமா வேணும்னு எழுதல."

"அது எனக்குத் தெரியுதுண்ணே. தண்ணி குடிங்க." சாமியார் டம்ளரை நகர்த்தினார். அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பதவியை நினைத்து அடக்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. அச்சு கடலூர்ல அடிச்சாலும் டைப் பண்ணுனது இங்கதான், பாலக்கரையில. டைப் பண்ணுனவங்க சும்மா பண்ணல. தேதி இடிக்குது, எழுத்து புரியலன்னு பதினேழு வூட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுத் திருத்துனாங்க. ஒரு குடும்பத்துல மூத்த புள்ளைக்கும் அம்மாவுக்கும் பத்தே வயசு வித்தியாசம் வந்துதுன்னு, வேகாத வெயில்ல நேர்லயே போயிட்டு வந்தாங்க. அவ்வளவு பொறுப்பு. உங்க வூட்டுக்கு மட்டும் எப்படிக் கேக்காம வுட்டாங்க?"

"யாரு சாமி அது?"

"என்னா இப்படிக் கேக்குறீங்க? உங்க மாடியில இருக்குற ஜோஸ்பின்தான். பாலக்கரை ஜெராக்ஸ் கடையில டைப்பிங் அவுங்கதானே பாக்குறாங்க? நான்தான் நம்ம பங்குப் புள்ளையாச்சேன்னு குடுத்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது சாமியாருக்கே விளங்கியது. டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

சவரிராஜ் குனிந்து, அந்தப் படிவத்தின் ரெண்டாவது வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, என் கையில ரெண்டு வழி இருக்குது," என்றார் சாமியார் கடைசியில். "ஒண்ணு, நானூத்தி இருபது புத்தகத்துலயும் திருத்தம்னு சீட்டு அடிச்சு ஒட்டணும். பாதி புத்தகம் இன்னிக்கே வூடு போயிச் சேந்துடுச்சு, வூடு வூடாப் போவணும். இல்லன்னா, மூணு ஞாயிறு பூசையில உங்க ரெண்டு பேரு பேரையும் ஓலை வாசிச்சு, தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு கேட்டுட்டுக் கல்யாணத்த மந்திரிக்கணும். எனக்கு ரெண்டாவதுல வேலை கம்மி. ஆனா முடிவு என்னுது இல்ல."

சவரிராஜ் எழுந்தார். எழுதி வாங்கிக்கொண்டு போக வந்த கடிதத்தைக் கேட்கவே மறந்துவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்.

---

ரெண்டு வருஷத்தில் அந்த மாடிப்படியில் அவர் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறார். ஒரு தடவை டெஸ்டர், ஒரு தடவை ஸ்பேனர், ஒரு தடவை குழாய்க்கு வாஷர் என்று கையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். இன்றைக்குத்தான் முதல்முதலாக வெறுங்கையோடு ஏறினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கதவு திறந்தே இருந்தது. கட்டில்மேல் ரெண்டு பெட்டி வாயைப் பிளந்து கிடந்தன. ஒன்றில் புடவைகள் நிரம்பியிருந்தன. ஜோஸ்பின் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் மடித்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க சார். உள்ள வாங்க."

அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"தப்பு என்னுதுங்க. அச்சடிச்சவங்க தப்பு இல்ல. படிவத்துல எழுதுனது நான்தான். வேணும்னு எழுதல, ஆனா எழுதிட்டேன். உங்க பேரக் கெடுத்துட்டேன்."

"நீங்க எழுதுனதுன்னு தெரியும். 'இன்று கரண்ட் இல்லை, தண்ணீர் பிடித்து வைக்கவும்'னு வாரா வாரம் படிக்கட்டுல சீட்டு ஒட்டுறீங்களே. அந்த எழுத்து எனக்குத் தெரியாதா?"

"சாமி சொன்னாரு. பதினேழு வூட்டுக்குப் போன் பண்ணீங்களாம்."

"ஆமாங்க."

"எனக்குப் பண்ணலியே?"

ஜோஸ்பின் போர்வையைக் கட்டிலில் வைத்தாள். அதன் ஓரத்தைத் தடவித் தடவிச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே திரும்பவும் சரிசெய்தாள்.

"பண்ணியிருந்தா நீங்க என்னா சொல்லியிருப்பீங்க?"

"ஐயையோ, தப்பா எழுதிட்டேன், அழிச்சிடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் பண்ணல."

கீழே தெருவில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சவரிராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"அந்தத் தாளு என் டேபுளுக்கு வந்த அன்னிக்கு வேற ஒரு தாளையும் நான் அடிக்கல," என்று அவளே தொடர்ந்தாள். "என் பொறந்த தேதி எங்க அண்ணனுக்கே தெரியாது. நீங்க எழுதியிருக்கீங்க. நாலு தடவ அந்தப் பேர அழிச்சேன். நாலு தடவயும் திருப்பிக் கொண்டாந்துட்டேன். கடலூருக்கு அனுப்புற அன்னிக்கும் அழிக்கணும்னுதான் ஒக்காந்தேன், முடியல. புத்தகம் வர்றதுக்குள்ள நீங்களா வந்து ஏதாவது சொல்லுவீங்கன்னு மூணு வாரம் பாத்தேன். நீங்க என்னாடான்னா பல்பு மாட்டிக்கிட்டு இருக்கீங்க."

"அதுவும் தெரியுமா?"

"ஒரே பல்புதானங்க அது? மேல இருக்குற பெயின்ட் கறை கூட மாறல." அவள் முகத்தில் சிரிப்பு வந்து, உடனே போய்விட்டது. "ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். அதுல எனக்குக் கோவம். ரெண்டு நாளு இருட்டுல ஏறி வந்து கால இடிச்சிக்கிட்டேன். எங்கிட்டப் பேசணும்னா பேசணும். அதுக்காகப் பல்பக் கழட்டக் கூடாது."

"தப்புதான்," என்றார் சவரிராஜ். முழு மனசோடு சொன்னார். "இனிமே தொடமாட்டேன்."

"மோட்டாரு சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்குது," என்றாள் அவள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "தங்கச்சி வூட்டுக்குப் போவீங்களே முன்னாடி, அந்த ஞாயித்துக்கெழமைங்கள்ல லீவுக்கு வந்த லிசா தூங்கி எழுந்து ஏழு மணிக்குப் போடும். அன்னிக்கெல்லாம் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அத வெளிய சொன்னா, பேச்சு வந்துதுன்னு நானே சொல்லி நானே காலி பண்ணணும். அதான் வாயத் தெறக்கல."

சவரிராஜுக்கு நெஞ்சில் ரெண்டு வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கியது. தான் மட்டும் பைத்தியம் இல்லை. கீழே ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், மேலே ஒருத்தி தரையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரலாமா என்று கேட்கவில்லை.

அப்போதுதான் அவர் கண்ணில் மறுபடியும் அந்தப் பெட்டிகள் பட்டன.

"அப்ப இது எதுக்குங்க?"

"காலி பண்றேன் சார்."

அவர் முகம் செத்துப் போனது. இப்போதுதான் கிடைத்தது, இதற்குள் போய்விட்டதா?

ஜோஸ்பின் அவர் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "ஐயோ, முழுசாக் கேளுங்க! நீங்க பொண்ணு கேட்டு வந்தா என்னா சொல்றதுன்னு பூசை முழுக்க யோசிச்சேன். கேக்காமலே போயிடுவீங்களோன்னும் பயந்தேன். எப்படிப் பாத்தாலும் நான் இங்க இருக்க முடியாதுங்க. ஓலை வாசிச்சாங்கன்னா அந்த மூணு வாரமும் நான் எந்த வூட்ல இருக்குறது? எந்தப் பொண்ணாவது மாப்புள்ள வூட்டு மாடியில இருந்து எறங்கி, அவரு கூடவே கோயிலுக்குப் போயி மோதிரம் மாத்திட்டு வருவாளா? எனக்கும் ஒரு வூட்ல இருந்து கௌம்பி வரணும்னு ஆசை இருக்காதா? ரெண்டாங் கல்யாணம்னா அதெல்லாம் கெடையாதா?"

மாப்பிள்ளை என்ற சொல் தன்னைத்தான் குறிக்கிறது என்பது சவரிராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்பத்தேழு வயது முகம் காதுவரை சிவந்தது. சிரிக்கவும் தெரியாமல், அழவும் தெரியாமல், சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"எந்த வூட்டுக்குப் போவீங்க?"

அவள் குரல் தணிந்தது. "சேத்தியாத்தோப்புல அண்ணன் வூடு இருக்குது. எங்கப்பா கட்டுன வூடு. ஆனா அண்ணன் எங்கிட்டப் பேசி நாலு வருசம் ஆவுது. தனியா இருக்கப் போறேன்னு நான் கௌம்புன அன்னிக்கு, 'போனா போனதுதான், திரும்பி இந்த வாசல மிதிக்காத'ன்னு சொன்னாரு. பொறவு ஒரு தடவ கூடப் போன் பண்ணல. போயி நின்னா கதவத் தெறப்பாரான்னு தெரியல. தெறக்கலன்னா மடத்துல சிஸ்டருங்ககிட்ட கேட்டுத் தங்கிக்கலாம்னு இருக்கேன். இருந்தாலும்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் யாரோ மூச்சுவாங்க ஏறி வந்தார்கள். லிசா. எவ்வளவு நேரமாகப் பாதிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் கையில் ஜோஸ்பினின் போன் அலறிக்கொண்டிருந்தது. காலையில் பூசைக்குப் போகும் அவசரத்தில், தன் சார்ஜர் பழுதென்று கீழே லிசாவிடம் கொடுத்துவிட்டுப் போனது.

"அக்கா, மூணாவது தடவையா அடிக்குது. 'அமல் அண்ணன்'னு வருது."

ஜோஸ்பின் போனை வாங்கினாள். புத்தகத்தின் அறுபத்து நாலாம் பக்கத்தை யாரோ போட்டோ பிடித்துச் சேத்தியாத்தோப்புக்கும் அனுப்பிவிட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. நாலு வருஷம் பேசாத அண்ணன் திட்டுவதற்குக் கூப்பிடுகிறாரா, வேறு எதற்காவதா என்பதுதான் தெரியவில்லை.

"நாலு வருசத்துக்கு அப்பறம் கூப்புடுறாரு," என்றாள் ஜோஸ்பின். "எடுத்து என்னான்னு சொல்றது?"

லிசா அப்பாவைப் பார்த்தாள். சவரிராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் பயம் துளிகூட இல்லாததை லிசா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"காலி பண்ணிட்டு வரேன், கதவத் தெறந்து வையுங்கன்னு சொல்லுங்க," என்றார்.

ஜோஸ்பின் பச்சை பட்டனை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள்.